நிஜக் கதவு

நாடகத்தில் கதவைத் தட்டினால் சுவர் ஆடும். ப்ளைவுட் கதவு, துணிச் சுவர், பின்னால் முட்டுக்கு நாலு சவுக்குக் கொம்பு. ஆடாமல் என்ன செய்யும்? உணர்ச்சிகரமான கட்டத்தில் யாராவது தட்டுவார்கள், சுவரில் மாட்டிய காலண்டரும் சாமி படமும் சேர்ந்து தலையாட்டும். ஜனங்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு ஆகவே ஆகாது. செட் போடுகிறவனுக்கும் மானம் ரோஷம் உண்டு என்பது நடிகர்களுக்கு எங்கே தெரிகிறது?

திருத்தணியிலிருந்து கிளம்பி ஊர் ஊராகப் போகிற எங்கள் குழுவில் வரைவது, அறுப்பது, கட்டுவது, பிரிப்பது எல்லாம் நான்தான். திருவிழாக் காலம் வந்துவிட்டால் உட்கார நேரமிருக்காது. ஒரு ஊரில் பிரித்ததை அடுத்த ஊரில் கட்ட வேண்டும். நடுவில் கிழிந்ததைத் தைத்து, உரிந்த இடத்துக்குப் பெயின்ட் அடித்து, ஓடுகிற வண்டியிலேயே தூங்கிக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்து மேடை ஓர் அளவு, கோயில் மேடை ஓர் அளவு. எந்த மேடையையும் என் சுவர்களைக் கேட்டுக்கொண்டு கட்டியதில்லை. வெட்டு, ஒட்டு, டைரக்டரிடம் திட்டு வாங்கு, மறுபடி வெட்டு. இப்படித்தான் வருடம் போகிறது.

திருப்பதி ரோட்டை அகலப்படுத்த வீடுகளை இடித்தபோது அந்தக் கதவு கிடைத்தது. நிலையோடு கூடிய வேப்பமர ஒற்றைக் கதவு. இடித்த வீட்டுச் சாமான் விற்கிற கடையில் சாத்தி வைத்திருந்தார்கள். சும்மா தட்டிப் பார்த்தேன். மந்தமான சத்தம். வெளிப்பக்கத்தில் நெஞ்சு உயரத்தில் ஓரிடம் மட்டும் தேய்ந்து வழவழவென்று இருந்தது. அங்கே தட்டினேன், கடைக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கணீரென்று வந்தது. அப்போதே எடுத்துக்கொண்டேன்.

எங்கள் வண்டி ஓட்டுகிறவருக்கு வீட்டில் தெலுங்கு. என்னைப் பாவா, அதாவது மச்சான், என்றுதான் கூப்பிடுவார். கதவைப் பார்த்ததும், "இன்னா பாவா, கதவ ஏத்தறியா, ஊட்டயே ஏத்தறியா?" என்றார். அடியில் மணல் மூட்டை போட்டு, தனியாக முட்டுக் கொடுத்து நிறுத்தினோம். தட்டினால் சுவர் ஆடவில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வருடம் போட்டது ஒரு குடும்ப நாடகம். மகள் வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துகொண்டு போய்விடுவாள். கடைசிக் காட்சியில் கதவு தட்டப்படும். அம்மா எழுந்திருப்பாள், அப்பா முறைப்பார். இன்னொரு முறை தட்டல். படுதா விழும். கதவு திறந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. டைரக்டருக்கு அதில் பெருமை தாங்காது. வந்து நிற்பது மகள் என்றாலும், கதவுக்குப் பின்னால் நின்று தட்டுகிறவன் நான்தான். ஜனங்கள் பார்ப்பது வீட்டின் உட்புறம்; கதவின் வெளிப்பக்கம், அந்தத் தேய்ந்த இடம், என் பக்கம் இருக்கும். என் இரண்டாவது தட்டலைக் கேட்டதும் படுதாக்காரர் கயிற்றை இழுப்பார்.

திருத்தணியிலேயே ஒருநாள் ஆட்டம் முடிந்து ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தேன். ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மாள் பின்பக்கமாக வந்து கதவைத் தடவிக்கொண்டிருந்தார்.

"தொடாதீங்கம்மா, பெயின்ட் ஒட்டிக்கும்" என்றேன்.

"இது எங்க ஊட்டு கதவுங்கண்ணா. சத்தம் கேட்டதுமே எழுந்து நின்னுட்டேன். என் பையன் இங்கதான் தட்டுவான்."

தேய்ந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டே சொன்னார். மகனுக்குக் கம்பெனியில் நைட் ஷிப்ட். விடிந்து வந்து தட்டுவான், இவர் போய்த் திறப்பார். "அன்னிக்கு கொழாயில தண்ணி வந்துகினு இருந்துச்சி. எப்பவாவது வர்ற தண்ணி. இர்றா, கொடம் நெறையட்டும்னு உள்ளருந்தே சொன்னேன். மறுபடியும் தட்னான். இருன்னேன். சரி, டீ குடிச்சிட்டு வரேன்னு ரோட்டுக்கு அந்தாண்ட போயிருக்கான். லாரி அடிச்சிடுச்சி. நான் கொடத்த எறக்கிட்டு வந்து தொறக்கறேன், வாசல்ல யாரும் இல்ல."

சுத்தியலைக் கீழே வைத்தேன். அவரே கேட்டார்: "உங்க நாடகத்துல ஒரே ஒரு வாட்டி தொறக்கச் சொல்லுங்கண்ணா. அவன் தட்டிகினே இருக்கான்."

டைரக்டரிடம் போய் நின்றேன். "க்ளைமாக்ஸையே மாத்தணுமா? நீ செட்ட பாருய்யா, கதைய நான் பாத்துக்கறேன்" என்றார்.

அதற்குப் பிறகு தட்டுவது பழைய மாதிரி இல்லை. தேய்ந்த அந்தப் பள்ளத்தில் என் விரல் முட்டி போய் உட்காரும்போது இது என் கைதானா என்று சந்தேகம் வந்துவிடும். பயந்தேன். படுதா விழுந்ததும் பின்னால் திரும்பிப் பார்க்காமல் வெளிச்சத்துக்கு ஓடி வருவேன். அந்த அம்மாள் பஸ் பிடித்து நாங்கள் போகிற ஊருக்கெல்லாம் வந்தார். முன்வரிசையில் தரையில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அம்மையார்குப்பத்தில் என்னால் முடியவில்லை. அந்த இடத்தைத் தொடாமல் நிலைச் சட்டத்தில் டொக், டொக் என்று தட்டி முடித்தேன். ஆட்டம் முடிந்ததும் அவர் பின்னால் வந்தார். கோபமில்லை, அழுகையில்லை. பஸ் வந்ததா என்று விசாரிப்பதுபோலக் கேட்டார்:

"இன்னிக்கு அவன் வரலீங்களா?"

செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அடுத்த ஆட்டத்திலிருந்து பழைய இடத்திலேயே தட்டினேன், பயந்துகொண்டே.

திருவாலங்காட்டில் அந்த வருடத்துக் கடைசி ஆட்டம். கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வழியை அடைத்துக்கொண்டதால் நேரம் கடந்துதான் போய்ச் சேர்ந்தோம். ஜனங்கள் உட்கார்ந்துவிட்டார்கள், மைக்கில் எங்களைக் கூப்பிடுகிறார்கள். நானும் வண்டிக்காரரும் அடித்துப் பிடித்துக் கட்டினோம். மூட்டைகளை அடுக்கி, முட்டுக் கொம்பை அறைந்து, கதவு ஆடாமலிருக்கத் தாழ்ப்பாளைப் போட்ட பிறகுதான் உறைத்தது. தாழ்ப்பாள் என் பக்கம் இருக்கிறது! கதவைத் திருப்பி நிறுத்தியிருக்கிறோம். வெளிப்பக்கம் ஜனங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிரித்து மாட்ட நேரமில்லை. மணி அடித்துவிட்டார்கள்.

கடைசிக் காட்சி வந்தது. என் பக்கத்தில் குறுக்குச் சட்டங்கள்தான். ஒருமுறை தட்டினேன், செத்த சத்தம். மேடையில் அம்மா எழுந்தாள், அப்பா முறைத்தார். இரண்டாவது தட்டலுக்கு எங்கே தட்டுவது என்று இருட்டில் தடவினேன். கையில் தாழ்ப்பாள்தான் தட்டுப்பட்டது. அப்பா மறுபடி முறைத்தார். நேரம் போய்க்கொண்டிருந்தது.

அப்போது அந்தப் பக்கத்திலிருந்து கதவு தட்டப்பட்டது.

அதே இடம். அதே கணீர். நான் தட்டவில்லையே, அப்படியானால் யார்? சத்தத்துக்குப் பழகிய படுதாக்காரர் கயிற்றை இழுத்துவிட்டார். படுதா விழுந்தது, கைதட்டல் கேட்டது. அதற்கு நடுவிலும் மறுபடி தட்டல்.

நான் தாழ்ப்பாளை இழுத்துத் திறந்தேன்.

அந்த அம்மாள் நின்றுகொண்டிருந்தார். மேடை முழங்கால் உயரந்தான், ஏறி வந்திருக்கிறார். மடக்கிய விரல் இன்னும் தூக்கியபடி இருந்தது. மகன் நின்ற இடத்தில் நின்றுகொண்டு வீட்டுக்குள்ளே பார்த்தார். உள்ளே மணல் மூட்டைகள், கயிறு, சவுக்குக் கொம்பு, நான். நிலைப்படியைத் தாண்டி வந்து தாழ்ப்பாளைத் தொட்டார். அதை ஒருமுறை போட்டார், ஒருமுறை எடுத்தார்.

"தொறக்கறதுக்கு இவ்ளோ நேரந்தானா ஆவும்?" என்றார்.

அவர் மேடையை விட்டு இறங்கிப் போனார். அப்புறம் எங்கள் ஆட்டம் எதற்கும் வரவில்லை. கதவு இப்போதும் எங்களிடம்தான் இருக்கிறது, நான்தான் தட்டுகிறேன். ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கம் அவர் நிற்கிற மாதிரிதான் இருக்கிறது.

எங்கள் தெருவிலும் எப்போதாவதுதான் தண்ணீர் வருகிறது. பிடித்துக்கொண்டிருக்கும்போது யாராவது கதவைத் தட்டினால் குழாயடியில் குடத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடுகிறேன். தண்ணீர் வழிந்து தெருவரைக்கும் போகிறது. என் மனைவி திட்டுகிறாள். திட்டட்டும்.