கேப்டனுக்கு எத்தனை மார்க்

கூடத்திலிருந்து குதிரைக் குளம்புச் சத்தம் தடதடவென்று வந்தது. அதற்கு மேல் ஓர் எக்காளம் பிளிறியது. அதையும் மீறி அண்ணனின் குரல்.

"வர்றாங்க பாரு, வர்றாங்க பாரு! மலை உச்சியில வரிசையா நிக்கிறாங்க பாரு!"

சமையலறையில் தேநீரை வடிகட்டிக்கொண்டிருந்தவள் தலையில் அடித்துக்கொண்டாள். அண்ணனுக்கு வயது அறுபது. குதிரையைக் கண்டால் மட்டும் ஆறு.

ஞாயிற்றுக்கிழமை மதியம் என்றால் அந்த வீட்டில் படம்தான். அண்ணன் மின்விசிறியும் மிக்ஸியும் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர். எங்கிருந்தோ பழைய கறுப்பு வெள்ளைக் குதிரைப்படைப் படங்களாகத் தேடிப் பிடித்துத் தங்கை வீட்டுக்குக் கொண்டுவருவார். அவருக்கு ஆங்கிலம் அரைகுறை. புரியாத பாதியைத் தானே இட்டு நிரப்பித் தமிழில் சொல்லிக்கொண்டே போவார். முடிந்ததும் எல்லோரும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட வேண்டும், காரணமும் சொல்ல வேண்டும். காரணம் சொல்லாதவர் செருப்பில் காலை நுழைக்கக் கூடாது. வழிதவறி உள்ளே வந்த விருந்தாளியானாலும் சரி, இதுதான் சட்டம்.

அவள் எந்தப் படத்துக்கும் நாலுக்கு மேல் போட்டதில்லை. அதனால் தெருவில் அவளுக்கு 'நாலு மார்க் அக்கா' என்று பெயர்.

ஆஸ்பத்திரித் தையல் அறையில் அவளுக்கு வேலை. கிழிந்த படுக்கை விரிப்புக்கு ஒட்டுப் போடுவாள், ஆபரேஷன் அங்கிகளுக்கு நாடா தைப்பாள். மிஷினை மிதிக்கும்போதெல்லாம் அவள் உதடு முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். பக்கத்து மிஷின்காரி அதைப் பிரார்த்தனை என்று நினைத்து, "எனக்கும் சேர்த்து வேண்டிக்கோ அக்கா" என்று ஒருநாள் சொன்னாள். பிரார்த்தனையா? வசவு. செத்துப்போன புருஷனை வைதுகொண்டிருந்தாள் அந்த மகராசி.

புருஷன் தீயணைப்புப் படையில் இருந்தவன். ஒரு காகிதக் கிடங்கின் நிலவறையில் தீப்பிடித்தபோது தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனான், திரும்பி வரவில்லை. மகளுக்கு அப்போது ஏழு வயது. மூன்றாம் நாள் அவனுடைய ஆபீசர் வீட்டு வாசலில் வந்து நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "வெளிய வாங்கன்னு மூணு தடவை விசில் ஊதினேன், தங்கச்சி. எல்லாரும் வந்துட்டாங்க. இவன் மட்டும் வரலை. உள்ள இன்னும் ஆள் இருக்கும்னு தேடப் போயிட்டான். மாவீரன்!" என்றார்.

ஊரெல்லாம் மாவீரன் என்றது. அவள் காதில் விழுந்தது ஒன்றுதான். கூப்பிட்டும் வரவில்லை. எனக்கும் பிள்ளைக்கும் மேலே அந்தக் காகிதக் குப்பையில் உனக்கு என்னய்யா இருந்தது? அழ வேண்டிய கண்ணீரெல்லாம் கோபமாகக் காய்ந்துபோயிற்று. கூடத்தில் அவன் படம் கூட மாட்டவில்லை. அப்பா எப்படி இருப்பார் என்று மகள் கேட்டபோது, "நம்மளைவிட நெருப்பு பெருசுன்னு போன மனுஷன். வேற என்ன சொல்ல?" என்று சொல்லியே வளர்த்தாள்.

அந்த ஆபீசர்தான் இன்று கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். அடுத்த வாரம் அவருக்குப் பணி ஓய்வு. நிலையத்தில் பெரிய பாராட்டு விழா. வந்ததும் வராததுமாக விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"நீ மேடையேறி ரெண்டு வார்த்தை பேசணும் தங்கச்சி. ஆபீசர் மூணு தடவை கூப்பிட்டார், என் வீட்டுக்காரர்தான் வெளிய வரலைன்னு சொன்னாப் போதும். அந்தக் கிடங்கு விஷயத்தை வச்சு நிலையத்துல சிலர் ஏதேதோ பேசிட்டுத் திரியறாங்க. நீ சொல்லிட்டா அத்தனை பேர் வாயும் அடைஞ்சிடும்."

"படம் முடியட்டும் சார், சொல்றேன்" என்றாள் அவள். மறுக்க அவளிடம் காரணம் எதுவும் இருக்கவில்லை. நடந்ததைத்தானே சொல்லச் சொல்கிறார்?

தேநீரோடு கூடத்துக்கு வந்தாள். அண்ணன் தரையில், எதிர்வீட்டுச் சலூன்காரர் முக்காலியில், மகள் ஜன்னலோரம், இருந்த ஒரே நல்ல நாற்காலியில் ஆபீசர்.

திரையில் பள்ளத்தாக்கு. ஒரு குதிரைப்படை மாட்டிக்கொண்டிருக்கிறது. பாறை மேல் ஒரு சார்ஜெண்டும் நாலு பேரும் நின்று எதிரிகளைத் தடுக்கிறார்கள். தப்பிப் போக ஒற்றைக் குதிரை அகலத்துக்கு ஒரே ஓர் இடுக்குதான். எக்காளம் ஊதுகிறவன் கேப்டனைப் பார்க்கிறான். பாறை மேல் இருப்பவர்களைத் திரும்பி வரச் சொல்லி ஊதட்டுமா? எக்காளம் உதட்டுக்குப் போகிறது. கேப்டன் கையை நீட்டி அதைக் கீழே அழுத்துகிறார். படை இடுக்கு வழியாக நழுவுகிறது. பாறை மேல் ஒருவரும் மிஞ்சவில்லை.

அண்ணன் மூக்கை உறிஞ்சினார். "என்ன ஷாட்டு! வசனமே இல்ல பாரு, வெறும் கை!"

பிறகு கோட்டை. சார்ஜெண்டின் மனைவி வாசலில் நிற்கிறாள். கேப்டன் தொப்பியைக் கழற்றுகிறார். அண்ணன் குரல் தழுதழுக்க மொழிபெயர்த்தார். "திரும்பி வரச் சொல்லி ஊதினோம்மா. உன் புருஷன் வரலை. மாவீரன்மா அவன்!" அந்தப் பெண் முகவாயை உயர்த்திக் கண்ணீரோடு சிரிக்கிறாள். வாத்தியம் முழங்குகிறது. வெள்ளை வெளேரென்ற மேகத்தின் கீழே குதிரைகள் வரிசையாகப் போகின்றன. முடிந்தது.

தேநீர்த் தட்டு இன்னும் அவள் கையிலேயே இருந்தது.

"சரி, மார்க்கு!" என்று அண்ணன் கையைத் தட்டினார். "சலூன், நீ ஆரம்பி."

"எட்டு. குதிரைக்கு ஏழு, தூசிக்கு ஒண்ணு. கேப்டன் மூஞ்சிக்காக ரெண்டு குறைச்சிட்டேன். பாலைவனத்துல மூணு மாசம் அலையறான், கிருதா மட்டும் நேத்து என் கடையில வெட்டின மாதிரி இருக்கே, எப்படி?"

"உன் கத்திரிக்கோலை விட்டு எப்பதான்யா வெளிய வருவே? கேப்டன் செஞ்சது சரியா தப்பா, அதைச் சொல்லு."

"சரிதான். அஞ்சு பேரைப் பார்த்தா அம்பது பேர் காலி."

"மூணு" என்றாள் மகள். "அந்த நிலத்து ஜனங்க ஒருத்தருக்காவது முகம் காட்டினானா? அம்புதான் வருது, ஆளே வரலை. அவங்க மண்ணுல போய்க் கோட்டை கட்டுவானாம், அவங்க திருப்பி அடிச்சா வில்லனாம்."

"அது அந்தக் காலத்துப் படம்மா."

"அந்தக் காலத்துலயும் அவங்களுக்கு முகம் இருந்துச்சு மாமா."

"படிக்க வச்சது தப்பாப் போச்சு" என்று அண்ணன் சிரித்தார். "எனக்கு ஒன்பதரை. அந்த வானத்துக்கே அஞ்சு குடுக்கலாம். கேப்டன் தங்கமான மனுஷன். பாவம், அந்தப் பொம்பளை மனசு நோகக் கூடாதுன்னு பொய்யைச் சொல்லிட்டு, உண்மையைத் தன் நெஞ்சுக்குள்ளயே புதைச்சுக்கிட்டான். சார், நீங்க?"

ஆபீசர் இதற்காகவே காத்திருந்தவர் போல நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் முகம் மலர்ந்திருந்தது. இரண்டு பேர் கேப்டனைச் சரி என்று சொல்லிவிட்டார்கள், அதுவும் இந்த வீட்டில், இவள் கண் முன்னால். அதைத் தனக்குக் கிடைத்த தீர்ப்பாகவே எடுத்துக்கொண்டார் மனிதர். எவ்வளவு பெரிய தப்புக் கணக்கு!

"பத்துக்குப் பத்து" என்றார். "அந்த இடத்துல நின்னவனுக்குத்தான் சார் அந்தக் கையோட கனம் தெரியும். ஊதினா என்ன ஆகும்? எல்லாரும் ஒரே நேரத்துல வழிக்கு ஓடி வருவாங்க. ஒரே ஒரு வழி. ஒருத்தன் மேல ஒருத்தன் விழுந்து அத்தனை பேரும் போயிடுவாங்க. கிட்ட இருக்கறவனைத் தோளைத் தொட்டு ஒவ்வொருத்தனா வெளிய அனுப்பணும். தூரத்துல குழாயோட இருக்கறவன் இருக்கட்டும்னு மனசைக் கல்லாக்கிக்கணும். நான் நின்னிருக்கேன் சார், அந்தப் படிக்கட்டு வாசல்ல. ஒன்பது பேரைக் கொண்டுவந்து சேர்த்தேன்."

படத்தில் படிக்கட்டு கிடையாது. குழாயும் கிடையாது.

அவள் தட்டை மெல்லத் தரையில் வைத்தாள்.

"ஊதினீங்களா?"

ஆபீசர் திரும்பினார். மலர்ந்த முகம் மலர்ந்தபடியே உறைந்தது. "என்ன தங்கச்சி?"

"விசில். மூணு தடவை ஊதினேன்னு சொன்னீங்களே. ஊதினீங்களா?"

"அது... அந்தச் சூழ்நிலை உனக்கு..."

"ஊதினீங்களா, இல்லையா?"

"இல்ல" என்றார். அவர் குரல் அவருக்கே கேட்டிருக்குமா என்பது சந்தேகம்.

"அவருக்கு யாருமே சொல்லலை. அப்ப அவர் வேணும்னு வராம இருக்கலை. அவருக்குத் தெரியவே தெரியாது."

அண்ணன் பதறி எழுந்தார். "ஏம்மா, விடும்மா. பெரிய மனுஷர். உன் நல்லதுக்குத்தானே..."

"நீ உட்காரு அண்ணா! பொய் சொன்னவன் உனக்குத் தங்கமான மனுஷன். அதைக் கேட்டவளை ஒரு தடவை நினைச்சியா? திரையில சிரிச்சாளே ஒருத்தி, அவளைத் தெருவுல நிறுத்திச் சவுக்கால அடிச்ச மாதிரி இருக்கு எனக்கு!" அவள் குரல் உடைந்தது. ஆனால் கண்ணில் நீர் இல்லை, நெருப்புதான் இருந்தது. "பதினோரு வருஷம்! காலையில மிஷின்ல உட்கார்ந்ததுலேருந்து அவரை வைதேன். சோறு இறங்கலைன்னா வைதேன். பிள்ளைக்கு ஜுரம் வந்தா வைதேன். கூப்பிட்டும் வராதவனேன்னு வைதேன். இவகிட்ட அப்பன் முகத்தைக் கூடக் காட்டலை நான். கூப்பிடவே இல்லையாம்!"

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆபீசர் இரண்டு கைகளையும் விரித்தார். "உனக்குப் பெருமையா இருக்கட்டும்னுதான் சொன்னேன் தங்கச்சி. வேற என்னத்தைச் சொல்லி உன்னைத் தேத்துவேன்?"

"தங்கச்சின்னு கூப்பிடாதீங்க. பெருமையை எனக்குக் குடுத்துட்டு நிம்மதியை நீங்க எடுத்துக்கிட்டீங்க. ஊதாம விட்டதுக்கு நான் மார்க் போட மாட்டேன். அந்தப் புகையில நான் நிக்கலை. ஒன்பது பேர் வீட்டுல விளக்கு எரியுதுன்னா எரியட்டும், நல்லா இருக்கட்டும். ஆனா என் வாசல்ல வந்து தொப்பியைக் கழட்டி நின்னீங்களே, அங்க என்ன நெருப்பு? அங்க எந்தப் படிக்கட்டு? தப்பை எடுத்துச் செத்தவன் தலையில வச்சீங்க. வாய் இல்லாதவன்தானே!"

சலூன்காரர் தலையைக் குனிந்துகொண்டார். எட்டு மார்க்கைத் திரும்ப வாங்கிக்கொள்ள வழி தெரியாமல் தட்டிலிருந்து ஒரு தேநீர்க் கோப்பையை எடுத்து உள்ளங்கைக்குள் உருட்டிக்கொண்டிருந்தார்.

"விழாவுக்கு வர்றேன்" என்றாள் அவள்.

ஆபீசர் சட்டென்று நிமிர்ந்தார்.

"வந்து மேடையேறிப் பேசறேன். ஒன்பது பேரைக் காப்பாத்தினார், அதுக்காக விசில் ஊதலை, என் புருஷனை உள்ள விட்டுட்டார், அப்புறம் என்கிட்ட பொய் சொன்னார். நாலும் சொல்லுவேன். ஒண்ணு கூட விட மாட்டேன். சம்மதமா?"

அவர் அவளைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். அரை நிமிஷம் போயிருக்கும். அந்த அரை நிமிஷத்தில் 'சரி' என்று ஒரு வார்த்தை அவர் சொல்லியிருந்தால், இந்த உலகத்தில் நல்லது இன்னும் பாக்கியிருக்கிறது என்று நாமும் நம்பியிருக்கலாம்.

"விழா மூணாம் மனுஷங்க வர்ற இடம்" என்றார் கடைசியில். "அமைச்சர் ஆபீஸ்லேருந்து எல்லாம் வர்றாங்க. உனக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லிடறேன்."

"இப்பவும் பொய்தானா?" என்று கேட்டது அவளல்ல, மகள். "உங்களுக்கு வேற எதுவுமே வராதா?"

ஆபீசர் எழுந்தார். வழக்கம்போல அவரை வாசல்வரை வழியனுப்ப அண்ணன் இரண்டடி எடுத்து வைத்தார். தங்கை பார்த்த பார்வையில் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்.

அவள்தான் போனாள். அவர் வாசற்படியில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினார். முடிச்சு விழவில்லை. மறுபடி கட்டினார், மறுபடி அவிழ்ந்தது. அவளுக்கு முடிச்சுப் போடுவதுதான் பிழைப்பு. குனியவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள்.

கடைசியில் கயிற்றை அப்படியே பூட்ஸுக்குள் திணித்துக்கொண்டு எழுந்தார். "அவன் நல்லவன்மா" என்று முனகினார்.

"அதை நீங்க சொல்லி நான் தெரிஞ்சுக்க வேண்டாம்" என்றாள்.

அவர் படியிறங்கித் தெருவில் கால் வைக்கும்வரை பொறுத்திருந்தாள். பிறகு கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.