மலையாளப் பாட்டுக்கு நடுவே

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் போதும், எனக்குச் சிரிப்பு வந்துவிடும். வயரையும் மீட்டரையும் நம்பிப் பிழைத்தவன் நான். நீங்களும் சிரிக்கலாம், கோபப்பட மாட்டேன், முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

தொண்ணூறுகளில் வளைகுடாவில், ராசல் கைமா பக்கம் ஒரு சின்ன ரேடியோ நிலையத்தில் டெக்னீஷியனாக இருந்தேன். அங்கெல்லாம் ஒரே ஸ்டேஷனை நேரம் பிரித்து விற்பார்கள். காலையில் மலையாளம், மத்தியானம் உருது, சாயங்காலம் இந்திப் பாட்டு, தமிழுக்கு வெள்ளிக்கிழமை அரை மணி நேரம், அதுவும் விளம்பரம் கிடைத்தால். பேசுகிறவர்கள் எல்லாரும் டவுனில், ஸ்டுடியோவில். எனக்கு டியூட்டி ஊருக்கு வெளியே, உப்புத்தரையில் நிற்கும் டவருக்குக் கீழே ஒரு தகரக் கொட்டகையில். டிரான்ஸ்மிட்டர், ஒரு டெலிபோன், நான், அவ்வளவுதான். மைக் கிடையாது.

என் தம்பி அருள் அங்கேயே மீன்பிடி போட்டில் வேலை பார்த்தான். எங்கள் குமரிக் கடற்கரைப் பையன்கள் எல்லாரையும் போல அவனும் போட்டில் ஒரு பேட்டரி ரேடியோ வைத்திருப்பான். எந்த மொழி ஓடினாலும் எங்கள் ஸ்டேஷன்தான், அண்ணன் ஸ்டேஷன் என்று அவனுக்கு ஒரு பெருமை.

ஒரு குளிர்காலம், முந்தின நாள் போன அவன் போட் திரும்பவில்லை. விடிந்து பார்த்தால் கடல் முழுக்க மூடுபனி. அந்தப் பனியில் கரையைத் தேடி ஓட்டினால் பெரிய கப்பல் போகிற தடத்தில்தான் போய் மாட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும், கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. போட்டை நிறுத்தி வைக்கச் சொல்லி ஒரே ஒரு வரி அறிவியுங்கள் என்று ஸ்டுடியோ மேனேஜரைப் போனில் கெஞ்சினேன். முதலாளி ஊரில் இல்லையாம், அவர் அனுமதி இல்லாமல் முடியாதாம்.

"அர்பாப் நஹி ஹை பாய், பர்மிஷன் மாஃபி," என்று வைத்துவிட்டார்.

மலையாளப் பாட்டு அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் டிரான்ஸ்மிட்டர் முன்னால் நின்று பைத்தியக்காரன் மாதிரிக் கத்தினேன்.

"லே அருளு, ஓட்டாதலே! எஞ்சின நிறுத்து, நங்கூரத்தப் போடு, அங்கனயே கெட!"

அழுதுகொண்டே எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது.

பனி விலகியதும் வேறொரு போட்டுக்காரர்கள் அவர்களைப் பார்த்துக் கூட்டி வந்தார்கள். நங்கூரம் போட்டுச் சும்மா நின்றிருந்தார்களாம், கூப்பிடு தூரத்தில் ஒரு எண்ணெய்க் கப்பல் கடந்து போயிருக்கிறது. அருளைக் கட்டிப்பிடித்து அழுதேன். அவன் சாதாரணமாகச் சொன்னான், "பாட்டக் கொறச்சிட்டு நீ பேசுனியே, அதக் கேட்டுத்தாண்ணே நின்னோம்."

உடனே ஸ்டுடியோவில் விசாரித்தேன், நாள் முழுக்க ரேடியோவை அலறவிடும் கஃபெடீரியா மலையாளியிடமும் விசாரித்தேன். பாட்டு நடுவில் குறையவே இல்லை என்று சத்தியம் செய்தார்கள். போட்டில் இருந்த மற்ற இரண்டு பேரோ என் குரலைக் கேட்டதாகச் சத்தியம் செய்தார்கள்.

நம்பினால் நம்புங்கள், இதற்குக்கூட நான் ஈரக் காற்று, மெஷின் கோளாறு என்று எதையாவது சொல்லி மனதைத் தேற்றிக்கொள்வேன். ஆனால் அன்றைக்கு ரூமில் சோறு சாப்பிடும்போது அருள் இன்னொன்று கேட்டான்.

"பக்கத்துல ஒனக்குச் சொல்லிக் குடுத்தது யாருண்ணே? அவரு மொதல்ல மெதுவா சொல்ல, அதுக்குப் பொறவுதான நீ சத்தமா சொன்ன?"

இன்றைக்கும் தனியாக இருக்கும்போது ஜெபத்தைக்கூட நான் வாய்விட்டுச் சொல்வதில்லை.