வேலிக்கு அந்தப் பக்கம்

எங்காவது டமார் என்று கேட்டால் வெர்னா மெல்லுவதை நிறுத்திவிடுவாள். வலது கை தானாக இடுப்புப் பைக்குப் போகும். அபராதச் சீட்டுக் கட்டு இருப்பது அங்கேதான். கழுத்து சத்தம் வந்த பக்கம் திரும்பும். "லாரி டயரு," என்று சொல்லிவிட்டு மறுபடி மெல்லுவாள். காபிக் கடையில் இருக்கிற மற்றவர்கள் அப்புறம்தான் மூச்சு விடுவார்கள்.

அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில், பீட்ரூட் வயல்களுக்கு நடுவே கிடக்கும் ஸ்டோர்லி ஊருக்கு அவள் ஒருத்திதான் காவலர். வீட்டுக்கு நாலு துப்பாக்கி வைத்திருக்கிற ஊர். வைத்துக்கொள்ளலாம், துடைக்கலாம், மடியில் போட்டுக் கொஞ்சலாம்; ஊர்ச்சபை எழுதிக் கொடுக்காமல் எல்லைக்குள் சுட மட்டும் கூடாது. வில், காற்றுத் துப்பாக்கி, கல்லடிக்கிற கவட்டை எல்லாவற்றுக்கும் அதே சட்டம். முட்டைக்கோஸை முயல் தின்கிறதே என்று ஒருவர் வந்து அழுதார். "அதுக்கு முன்னால நீங்க தின்னுடுங்க," என்றாள். மேயரிடம் பறித்த கவட்டை இன்னும் அவள் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. மேயருக்கு வயது அறுபத்தொன்று.

சொந்த அண்ணன் ஆர்டனையும் விடவில்லை. பின்வாசலில் நின்று அணிலைச் சுட்டதற்குச் சீட்டுக் கிழித்தாள். அவரோ அந்த ஞாயிறும் வழக்கம்போல அவளுக்கு வறுத்த மீன் கொண்டுவந்தார். "அணிலு தப்பிச்சிருச்சு, நான் மாட்டிக்கிட்டேன்," என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

இந்த அக்டோபரில் ஆர்டன் போய்விட்டார். பட்டாளத்தில் இருந்தவர். அப்படிப்பட்டவரைப் புதைக்கும்போது பழைய பட்டாளத்துக்காரர்கள் நின்று மூன்று முறை வெற்றுத் தோட்டா வெடிப்பார்கள். பூ வேண்டாம், பேச்சு வேண்டாம், அது மட்டும் போதும் என்று தங்கையிடம் கேட்டு வைத்திருந்தார். சபையிடம் அனுமதி வாங்கி வைப்பது எப்போதும் வெர்னாவின் வேலை. இந்த முறை துக்கத்தில் மறந்தே போனாள். கல்லறைத் தோட்டத்தில், துப்பாக்கிகள் தோளுக்கு ஏறிய பிறகுதான் உறைத்தது.

"இறக்குங்க," என்றாள்.

ஏழு கிழவர்களும் அவளையே பார்த்தார்கள். அவர்களுக்குத் தலைவர் டெல்மர், மூக்கில் ஆக்சிஜன் குழாய் மாட்டியிருந்தவர், மெதுவாகக் கேட்டார். "உங்க அண்ணன்மா. இன்னிக்குப் போய் யாரு கேக்கப் போறா?"

"நான் கேப்பேன். உன் அண்ணனுக்கு மட்டும் விட்டியேன்னு நாளைக்கு முயல் சுடுறவன் கேப்பான்."

மேயர் வாயைத் திறந்தார். அவள் ஒரு பார்வை பார்த்ததும் மூடிக்கொண்டார்.

அவள் வேலியைக் காட்டினாள். "அதோட ஊர் எல்லை முடிஞ்சுது. அண்ணன் கேட்டது கிடைக்கணும். வாங்க, நடப்போம்."

அறுவடை முடிந்து உழப்பட்டிருந்த வயல். முந்தின நாள் மழை வேறு. பாதிரியார் முள்கம்பியைத் தூக்கிப் பிடிக்க, கிழவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து நுழைந்தார்கள். டெல்மரின் சிலிண்டரை வெர்னா இடது தோளில் போட்டுக்கொண்டாள். "செத்தும் நம்மள சேத்துல இறக்கிட்டான் பாரு," என்று முனகினார் டெல்மர். "ஆர்டன் இருந்தா உருண்டு சிரிச்சிருப்பான்."

கணுக்கால் புதைய வரிசையாக நின்றார்கள். டெல்மர் குரல் கொடுத்தார்.

முதல் வெடிக்கே வெர்னாவின் வலது கை தானாக இடுப்புப் பைக்குப் போனது. இரண்டாவது வெடிக்கும் அங்கேயே இருந்தது. மூன்றாவதில் சீட்டுக் கட்டை மொத்தமாகக் கசக்கிப் பிடித்தது. பறந்துபோன காகங்கள் திரும்பி வந்து வயலில் உட்கார்ந்த பிறகும் விடவில்லை.