நான்காவது செய்தி

அந்தப் பல்கலைக்கழக நூலகத்தில் மாதம் ஒரு மடல் வரும். முதல் பக்கத்தில் தலைமை நூலகரின் உரை இருக்கும். அதை எழுதியவரையும் அச்சுக் கோத்தவரையும் தவிர வேறு யாரும் படித்ததாகத் தகவல் இல்லை. எல்லாரும் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடுவார்கள். அங்கேதான் 'நம்மவர் செய்திகள்' இருக்கும். யார் புதிதாகச் சேர்ந்தார், யார் ஓய்வு பெற்றார், யாரை எந்தப் பிரிவிலிருந்து எந்தப் பிரிவுக்குத் தூக்கிப் போட்டார்கள், யார் வீட்டில் கல்யாணம், எல்லாம் அதில் வரும்.

அதை எழுதுபவர் இதழ்ப் பிரிவின் பொறுப்பாளர். வரும் ஆராய்ச்சி இதழ்களைப் பதிந்து அடுக்கிக் காப்பது அவருடைய உத்தியோகம். கடைசிப் பக்கம் அவராக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. அதற்கு ஒரு வழக்கமும் வைத்திருந்தார். செய்திக்கு உரியவரின் மேசைக்கே போய், நின்றபடி, எழுதியதைப் படித்துக் காட்டுவார். பிறகு, "ஏதாவது மாத்தணுமா?" என்று கேட்பார். உரியவர் சரி என்றால்தான் அச்சுக்குப் போகும். வேண்டாத இடத்துக்கு மாற்றலானவர்கள்கூட அவர் வந்து நின்று படித்துக் காட்டியதும் கொஞ்சம் ஆறிப்போவார்கள். மனுஷனுக்கு அப்படி ஒரு குரல், அப்படி ஒரு நிதானம்.

ஆனால் இது அவரைப் பற்றிய கதை இல்லை. அவர் மனைவியைப் பற்றியது.

அவளும் அதே நூலகத்தில்தான் வேலை பார்த்தாள், நூற்பட்டியல் பிரிவில். வந்து சேருகிற புத்தகம் எதைப் பற்றியது, எந்த எண்ணில், எந்த அலமாரியில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்கிற இடம் அது. வேலைக்குச் சேர்ந்த வாரமே அவள் மேசைக்கு ஒரு ஒல்லியான ஆள் தாளும் கையுமாக வந்து நின்றார். 'அமைதியான சுபாவம் கொண்ட இவரை நூலகம் அன்புடன் வரவேற்கிறது' என்று படித்துவிட்டு, ஏதாவது மாற்ற வேண்டுமா என்று கேட்டார்.

"'அமைதியான'ங்கிறத மட்டும் எடுத்துடுங்க. என்னைப் பத்தி உங்களுக்கு இன்னும் ஒண்ணுமே தெரியாதே" என்றாள்.

பக்கத்து மேசைகளில் சிரிப்பு எழுந்தது. அவர் அங்கேயே அந்தச் சொல்லை அடித்தார். அடித்த பிறகு எப்படி இருக்கிறது என்று மறுநாள் வந்து படித்துக் காட்டினார். அதற்கு மறுநாளும் வந்தார். ஒரு சொல்லை எடுத்ததற்கு இத்தனை நடையா என்று அந்தப் பிரிவே புரிந்துகொண்டது. சம்பந்தப்பட்ட இரண்டு பேருக்குத்தான் புரியக் கொஞ்ச நாள் பிடித்தது.

அது அவளைப் பற்றிய முதல் செய்தி. இரண்டாவது, இதழ்ப் பிரிவுப் பொறுப்பாளரின் துணைவியானார் என்று வந்தது. மூன்றாவது, அத்தம்பதிக்குப் பெண் குழந்தை பிறந்தது என்று வந்தது. இந்த இரண்டையும் அவர் படித்துக் காட்டவில்லை. வீட்டு ஆளுக்கு எதற்கு அந்தச் சடங்கெல்லாம் என்று நினைத்திருப்பார். அவள் அவற்றை எல்லாரையும்போல அச்சில்தான் பார்த்தாள்.

அதற்குப் பிறகு அவள் பெயர் அந்தப் பக்கத்தில் வரவே இல்லை. செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் போய்விட்டதா என்றால், அதுதான் இல்லை. இழுப்பறை இழுப்பறையாக நின்ற பழைய புத்தகப் பட்டியல் அட்டைகள் முழுவதையும் கணினிக்கு மாற்றிய வேலையை அவள்தான் முன்னின்று நடத்தினாள். தூசியில் தும்மித் தும்மி மூக்கு சிவந்து, திரையைப் பார்த்துப் பார்த்துக் கண்ணாடி மாற்றி, காய்ச்சலில் கிடந்த மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்து செய்த வேலை. அது முடிந்த மாதம் கடைசிப் பக்கத்தில் இருந்த செய்தி, புத்தகம் வழங்கும் இடத்தில் புது மின்விசிறி மாட்டியதைப் பற்றியது. அன்றைக்கு அவள் சிரித்துக்கொண்டாள். வேறு என்ன செய்வது? கட்டிய புருஷனிடம் போய் என் பெயரைப் போடுங்கள் என்று கேட்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அவருக்கோ அது தோன்றவே இல்லை. கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது; பக்கத்திலேயே இருப்பது கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

இத்தனைக்கும் மகள் பிறந்த பிறகு அந்த மடலுக்குப் பிழை திருத்துவதும் அவள் வேலையாகியிருந்தது. மாதா மாதம் அவர் எழுதியது அவள் மேசைக்கு வரும். சிவப்புப் பேனாவால் ஒற்றை எழுத்துப் பிழைகூட விடாமல் பிடித்துக் கொடுத்துவிட்டு, தன் வேலையைப் பார்ப்பாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மேலிடத்திலிருந்து ஒரு முடிவு வந்தது. இதழ்ப் பிரிவும் நூற்பட்டியல் பிரிவும் இனி ஒரே பிரிவு. அதற்கு ஒரே தலைவர். நூலகம் முழுக்க அரசல்புரசலாகப் பேச்சு கிளம்பியது. பேச்சு என்ன பேச்சு, எல்லாரும் முடிவே கட்டிவிட்டார்கள். வயதில் மூத்தவர், பொறுப்பாளராக இருப்பவர், எல்லாருக்கும் வேண்டியவர் என்று மூன்று பொருத்தமும் இருந்ததால் அவர்தான் தலைவர் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. புத்தகம் வழங்கும் இடத்தில் இருந்த ஒலிபெருக்கி அம்மா, நேர்காணலுக்கு முன்பே அவருக்குக் கை கொடுத்து வாழ்த்திவிட்டார். அந்த அம்மாளுக்கு அப்படி ஒரு பட்டப்பெயர் ஏன் வந்தது என்று விளக்க வேண்டியதில்லை; 'அமைதி காக்கவும்' என்ற பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்து இத்தனை வருடமாக அவர் அதை மதித்ததே இல்லை.

அவளும் விண்ணப்பம் போட்டிருந்தாள். "சும்மா போய்ட்டு வா, ஒரு அனுபவமா இருக்கும்" என்று அவர் சொன்னார். யாருக்குக் கிடைத்தாலும் வீட்டுக்குள்தானே வருகிறது என்றும் சொன்னார். தனக்குத்தான் கிடைக்கும் என்று நம்புகிறவர்தான் அதை அவ்வளவு தாராளமாகச் சொல்ல முடியும் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் அந்தப் பதவி அவளுக்கு வேண்டியிருந்தது. சும்மா இல்லை, பசியெடுத்தவள் சோற்றைப் பார்ப்பதுபோல வேண்டியிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் தலைமை நூலகர் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். பதவி அவளுக்குத்தான் என்றார். நேர்காணலில், புதுப் பிரிவு எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டபோது மற்றவர்கள் இதுவரை செய்ததைச் சொன்னார்கள், நீங்கள் ஒருத்தர்தான் இனிமேல் செய்ய வேண்டியதைச் சொன்னீர்கள் என்றார். திங்கட்கிழமை உத்தரவு வந்துவிடும். கடைசியாகக் கொஞ்சம் தயங்கினார்.

"உங்க வீட்டுக்காரருக்கு நான் சொல்லட்டுமா, நீங்களே சொல்லிடுறீங்களா?"

தானே சொல்லிக்கொள்வதாக அவள் சொன்னாள். தலைகால் புரியாத சந்தோஷத்தோடு தன் மேசைக்குத் திரும்பியபோது, அந்த மாத மடலின் கைப்பிரதி பிழைதிருத்தத்துக்கு வந்து காத்திருந்தது. கடைசிப் பக்கத்தில் முதல் செய்தியே இதுதான்: 'இரு பிரிவுகளும் இணைந்த புதிய பிரிவின் தலைவராக நமது இதழ்ப் பிரிவுப் பொறுப்பாளர் பொறுப்பேற்கிறார்.'

உத்தரவு வரும் முன்பே எழுதி வைத்துவிட்டார். எதையும் முன்கூட்டியே முடித்து வைக்கிற பழக்கம். செய்திக்கு உரியவரிடம் படித்துக் காட்டும் வழக்கம் இருக்கிறதே, அதுவும் இங்கே கைகொடுக்கவில்லை, உரியவர் அவரேதான். வேறு யாரிடமாவது படித்துக் காட்டியிருந்தால், உத்தரவு வரட்டுமே சார் என்று சொல்லியிருப்பார்கள்.

அவள் சிவப்புப் பேனாவைத் திறந்தாள், மூடினாள். ஒரு கோடு இழுத்தால் போதும், விஷயம் முடிந்துவிடும். ஆனால் அப்படிச் சொல்லக் கூடாது என்று அவளுக்குத் தெரிந்தது. பேசாமல் இந்தப் பதவி வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன என்றும் ஒரு யோசனை ஓடியது. அந்த யோசனை வந்ததற்காகத் தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

மாலையில் இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். அவர் நல்ல உற்சாகத்தில் இருந்தார். இரண்டு பிரிவுகளையும் ஒரே கூடத்தில் எப்படி உட்கார வைப்பது என்று மனசுக்குள்ளேயே மேசை நாற்காலியெல்லாம் போட்டு முடித்திருந்தார்.

"உனக்கு அந்த ஜன்னல் பக்கம் இடம் போட்டிருக்கேன். வெளிச்சம் நல்லா வரும். உன் கண்ணுக்கு நல்லது" என்றார்.

அவளுக்கு அழுகை முட்டியது. இந்த மனுஷன் கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்.

"அந்த இடத்துல நீங்க உக்காந்துக்கோங்க" என்றாள்.

எனக்கு எதுக்கு ஜன்னல் பக்கம், நான் தலைவர் அறையில்தானே இருக்க வேண்டும் என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்தினார். அவள் முகத்தைப் பார்த்தார். பஸ் வந்தது, போனது. அடுத்ததும் வந்தது. அதில் ஏறினார்கள். வழி முழுக்க அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் கத்துகிற ரகம் இல்லை. கோபமோ வருத்தமோ வந்தால் வீட்டைச் சரி செய்வார். அந்தச் சனிக்கிழமை, மாதக்கணக்காகச் சொட்டிய குழாய் நின்றது. மின்விசிறி இறக்கைகள் பளபளத்தன. கிரீச்சிட்ட அலமாரிக் கதவு வாயை மூடிக்கொண்டது. அவரும்தான். வெளியூரில் படிக்கும் மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். அம்மா விஷயத்தைச் சொன்னதும், இனிமேல் அப்பா லீவு வேண்டுமானால் உன்னிடம்தான் கேட்க வேண்டும், கொடுத்துவிடாதே என்று சிரித்தாள். அவர் காதிலும் அது விழுந்தது. முகத்தில் ஈயாடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஏணிமேல் நின்றபடி அவரே பேச்சைத் தொடங்கினார்.

"நான் எழுதி வெச்சிருந்தத நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"சிரிச்சியா?"

"இல்ல."

"சிரிச்சிருக்கலாம்" என்றார். ஸ்க்ரூடிரைவரைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தாள். "வருத்தமாத்தான் இருக்கு. இல்லேன்னு சொன்னா அது பொய்."

அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம்னு சொல்லிடலாமான்னு நானும் ஒரு நிமிஷம் நெனச்சேன். ஆனா எனக்கு இது வேணுங்க. ரொம்ப நாளா வேணும். உங்ககிட்ட சொன்னதில்ல."

அவர் மேலிருந்து அவளைப் பார்த்தார், முன்பின் தெரியாத ஒருவரைப் பார்ப்பதுபோல. பிறகு திருகாணியை முடுக்கத் தொடங்கினார்.

திங்கட்கிழமை உத்தரவு பலகையில் ஒட்டப்பட்டது. ஒலிபெருக்கி அம்மா வாழ்நாளில் முதல் முறையாகப் பேச்சற்று நின்றார். அதுவும் கொஞ்ச நேரம்தான். பாவம் அவர் என்றார்கள் சிலர். வீட்டில் யார் சமைப்பார்கள் என்று கேட்டுத் தாங்களே சிரித்தார்கள் சிலர். அவர் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மதியம் வழக்கம்போல இருவரும் சேர்ந்து சாப்பிடும் மேசைக்கும் வரவில்லை. அவள் தனியாக டப்பாவைத் திறந்து, பாதி சாப்பிட்டு, மூடிவைத்தாள். மறுநாளும் அப்படியே ஆனது. பதவி கிடைத்தும் தொண்டைக்குள் சோறு இறங்கவில்லை. இதற்காகவா இத்தனை ஆசைப்பட்டோம் என்று இருந்தது.

மடல் அச்சுக்குப் போக வேண்டிய நாள் வந்தது. நூற்பட்டியல் பிரிவில் எல்லாரும் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவைத் திறந்துகொண்டு அவர் உள்ளே வந்தார். கையில் ஒரு தாள். நேராக அவள் மேசைக்கு வந்து, எல்லார் மேசைக்கும் முன்னால் நிற்பதுபோலவே நின்றார். ஒவ்வொரு தலையாக நிமிர்ந்தது. வீட்டிலேயே படித்துக் காட்டியிருக்கலாம். படித்துக் காட்டாமலே போட்டிருக்கலாம், முன்பு இரண்டு முறை செய்ததைப் போல.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்.

'இரு பிரிவுகளும் இணைந்த புதிய பிரிவின் தலைவராக, நூற்பட்டியல் பிரிவின் மூத்த உதவியாளர் பொறுப்பேற்கிறார். நூலகத்தின் அட்டைப் பட்டியல் முழுவதும் கணினிக்கு மாறியது இவர் உழைப்பால். அந்தச் செய்தி அப்போது இப்பக்கத்தில் வரவில்லை. அது எழுதியவரின் பிழை.'

அவள் இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தச் செய்தியில் யாருடைய துணைவியும் இல்லை. தம்பதி இல்லை. அவள் மட்டும் இருந்தாள்.

"ஏதாவது மாத்தணுமா?" என்று கேட்டார்.

"அந்தக் கடைசி வரி வேணுமாங்க?" என்று மெதுவாகக் கேட்டாள். "நூலகம் பூரா படிக்குமே."

"இருக்கட்டும்" என்றார் அவர். "இந்த மாசம் எனக்குன்னு இருக்கிற செய்தி அது ஒண்ணுதான்."

தாளை அவள் முன்னால் வைத்தார். அவள் சிவப்புப் பேனாவை எடுத்து ஒருமுறை முழுக்கப் படித்தாள். பிழை ஒன்றும் இல்லை. அப்படியே போடச் சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். மதியம் அவள் சாப்பாட்டு மேசைக்குப் போனபோது, அவர் முன்னாலேயே வந்து இரண்டு டம்ளரிலும் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார்.