முக்குளிப்பானின் உப்புமூட்டை

முக்குளிப்பான் தன் குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்துகிறது என்று ஒத்தக்கடைப் பக்கத்துக் கண்மாயில் பார்த்துவிட்டு வந்து கணவர் சொன்னார். அன்றிலிருந்து நாலு வயது மகளுக்கு வேறு பேச்சே இல்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போனேன். புறாவைவிடச் சிறிய அந்தப் பறவை, நாங்கள் கண்மாய்க் கரைமேல் ஏறியதும் முங்கிவிடும். எங்கோ கோரைக்குள் போய் எழும். குஞ்சுகள் கொஞ்சம் வளர்ந்துவிட்டால் அப்புறம் முதுகில் ஏறாதாம். இந்த வாரமும் தவறிவிடுமோ என்று அவளைவிட எனக்குத்தான் தவிப்பு.

மூன்றாவது ஞாயிறு, குல்லா, வெந்நீர், மாற்றுச் சட்டை எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்த்துக்கொண்டு கிளம்பினேன். கரையில் தூண்டில் போட்டிருந்தவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏந் தங்கச்சி, பாப்பாவக் கல்யாண வீட்டுக்கா கூட்டிப் போறீக? இம்புட்டுச் சத்தத்தோட வந்தா எது மேல வரும்?"

கொலுசு. இது எப்படி எனக்குத் தோன்றாமல் போனது? நிறைய மணி வைத்ததாக நான்தான் கேட்டு வாங்கியிருந்தேன். அடுப்படியில் நின்றாலும் அவள் எந்த அறையில் இருக்கிறாள் என்று தெரிந்துவிடும். சத்தம் நின்றால் ஓடுவேன். தண்ணீருக்கு இவ்வளவு பக்கத்தில் வைத்தா அதைக் கழற்றுவது? கையைப் பிடித்துக்கொண்டால் போதுமா? வழுக்கினால்? நான் யோசித்து முடிப்பதற்குள் மகள் தரையில் உட்கார்ந்து ஒரு காலை நீட்டிவிட்டாள்.

கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் போட்டேன். அவள் சட்டையின் பின்பக்கத்தை முறுக்கிப் பிடித்துக்கொண்டு கருவேல மரத்தடியில் உட்கார்ந்தேன். இருவரும் மூச்சுக்கூடச் சத்தமாக விடவில்லை.

பொலுக்கென்று எழுந்தது, கல்லெறி தூரம்கூட இல்லை. இறக்கை லேசாகப் புடைத்தது. அதற்குள்ளிருந்து வரிவரியாய்க் கோடு போட்ட ஒரு குட்டித் தலை, பக்கத்தில் இன்னொன்று.

"அம்மா, உப்புமூட்டை" என்றாள் மகள், என் காதோரம்.

சட்டென்று தாய் முங்கியது. ஒரு குஞ்சு மட்டும் தக்கை மாதிரி தண்ணீரில் மிதந்தது.

"ஐயோ, விட்டுட்டுப் போயிருச்சே" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

மகள் என் வாயைப் பொத்தினாள். "சும்மா இரும்மா. வந்துரும்."

வந்தது. குஞ்சு இரண்டு முறை சறுக்கி, மூன்றாவது முறை முதுகில் ஏறியது. தூண்டில்காரர் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார். முதுகில் மூன்று குட்டித் தலை என்றேன் நான். இல்லை, இரண்டுதான் என்றாள் அவள். கிசுகிசுவென்று சண்டை போட்டபடியே, அது மறுபடி இந்தப் பக்கம் திரும்பட்டும் என்று காத்திருந்தோம்.