ஆளில்லாத வகுப்பில் பெயர் கூப்பிட்டவர்

தனலட்சுமி டீச்சர் இறந்துவிட்டார் என்று போன் வந்தபோது நான் சத்துணவுக் கூடத்தில் சாம்பாரை ருசி பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் நாள் மாலை வரை நன்றாக இருந்தவர், காலையில் மணலூர்பேட்டையில் தன் வீட்டு அடுப்படியிலேயே மாரடைப்பில் சாய்ந்துவிட்டாராம். கரண்டியை வைத்துவிட்டு வெளியே வந்தேன். எங்கள் பள்ளி கல்வராயன் மலையடிவாரத்தில் இருக்கிறது. கொடிக்கம்பத்தின் பக்கம் போனால்தான் போனுக்கு நெட் கிடைக்கும். அங்கே போய் நின்றதும், முதல் நாள் அவர் அனுப்பியிருந்த குரல் செய்தி வந்து விழுந்தது. "டீச்சர், நாளைக்கு உங்க பள்ளிக்கூடத்துக்கு வந்துடறேன். எனக்கும் சேத்து சோத்துக்கு ஒலை வெக்கச் சொல்லுங்க." அந்தக் குரலில் சிரிப்பு இருந்தது. உச்சி வெயிலில் நின்ற எனக்குக் குளிரெடுத்தது.

ஆசிரியர்களான உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். எங்கள் வட்டாரத்துச் சிறப்பாசிரியர். பேச்சு வராத, காது கேளாத, எதையும் மெதுவாகப் பழகும் பிள்ளைகளை ஊர் ஊராகத் தேடிப் போய்ப் பார்த்தவர். தொடக்கப் பள்ளியோடு அவர்கள் நின்றுவிடக் கூடாது என்பதில் அவருக்கு ஒரு வெறியே உண்டு. "அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் எல்லாரும் தூக்கிக்கினு வந்துடறாங்க டீச்சர். ஆறாங்கிளாஸ் வாசப்படியிலதான் தொப்புனு கீழ போட்டுடறாங்க" என்பார். அந்த வாசப்படியின் தலைமையாசிரியை நான். ஆகவே சமாதானமாக இருந்ததைவிட நாங்கள் சண்டை போட்ட நாட்கள்தான் ஜாஸ்தி. ஊரே விடுமுறையில் தூங்கும் மே மாதத்தில் வந்து நின்று பள்ளிச் சாவியைக் கேட்பார்.

மல்லிகாவுக்காகவும் அப்படித்தான் கேட்டார். மல்லிகாவுக்குப் பேச்சு கிடையாது. புது இடம் என்றால் கையைக் கடித்துக்கொண்டு ஓடுவாள். அவளுடைய ஊர்த் தொடக்கப் பள்ளியில் மொத்தமே ஒரு கைப்பிடிப் பிள்ளைகள். எங்களிடம் திருவிழாக் கூட்டம். ஜூனில் திடீரென்று கொண்டுவந்து விட்டால் மிரண்டுபோவாள் என்று கோடையிலேயே பழக்க நினைத்தார். தினமும் வரவழைத்து ஆறாம் வகுப்பில் ஒரு பெஞ்சில் உட்கார வைப்பார். மணி அடிப்பார். பிறகு, அந்த ஆண்டு சேரப்போகும் பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லி வருகை எடுப்பார்.

ஒருநாள் தாழ்வாரத்தில் நின்று அதைக் கேட்டேன். "கலைவாணி" என்றார். நிசப்தம். "கோகிலா" என்றார். மறுபடியும் நிசப்தம். ஒரு பிள்ளை 'உள்ளேன் டீச்சர்' என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்குமோ அவ்வளவு நேரம் விட்டுத்தான் அடுத்த பெயருக்குப் போனார். "மல்லிகா" என்றபோது மட்டும் வளையல் சத்தம் கேட்டது. கை தூக்குகிறாள் என்று புரிந்துகொண்டேன். நான் எதற்கும் அஞ்சாதவள் என்று பெயர் எடுத்தவள். ஆனாலும் அன்று உள்ளே எட்டிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. மற்ற பெஞ்சுகளிலும் யாராவது உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது?

துப்புரவு வேலை பார்க்கும் அஞ்சலை ஒருநாள் என்னிடம் துடைப்பத்தை நீட்டினார். "லீவு வுட்ட பள்ளிக்கூடத்துல மணி அடிக்குது, பேர் கூப்புடுற சத்தம் கேக்குதுன்னு ஊரே பேசிக்கினு இருக்குது டீச்சர். நான் தனியா பெருக்க வரமாட்டேன்." இதைத் தனலட்சுமியிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். "பேய்ங்களையும் சேத்துக்கலாம் டீச்சர். இந்த லீவு கிளாசுல எண்ணிக்க கம்மியாத்தானே இருக்குது" என்றார். மே முடிவதற்குள் மல்லிகா அம்மாவின் கையை உதறிவிட்டுத் தானாகவே வகுப்புக்குள் போகத் தொடங்கியிருந்தாள். எங்கள் இருவருக்கும் பெருமை தாங்கவில்லை.

ஜூனில் பள்ளி திறந்தது. கேட்டருகே வந்த மல்லிகா அப்படியே நின்றாள். உள்ளே பிள்ளைகளின் கூச்சல். அவள் அம்மா அலமேலு இழுத்துப் பார்த்தார். ரத்தம் வருமளவு கையைக் கடித்துக்கொண்டு அவள் வீட்டுப் பக்கம் ஓடிவிட்டாள். அந்த வாரம் முழுக்க இதே கதைதான்.

ஞாயிற்றுக்கிழமை அலமேலு தலைவிரிகோலமாக என் வீட்டுக்கு ஓடிவந்தார். பிள்ளையைக் காணோம். கிணறு, ஏரி, பஸ் நிறுத்தம் எல்லாம் தேடிவிட்டு, மனசு கேட்காமல் பள்ளிக்குப் போனோம். கேட் பூட்டியிருந்தது. சுற்றுச்சுவர் இடிந்த பக்கமாக நுழைந்து ஆறாம் வகுப்பு ஜன்னலில் பார்த்தோம். மல்லிகா தன் பெஞ்சில் உட்கார்ந்து வெறும் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதையோ காது கொடுத்துக் கேட்பது போலிருந்தது. கையைத் தூக்கினாள். இறக்கினாள். கொஞ்ச நேரம் காத்திருந்து மறுபடியும் தூக்கினாள். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

அலமேலு என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். "யாரு கூப்புடுறாங்கன்னு கைய தூக்குது டீச்சர்? எம் புள்ளைக்குப் பள்ளிக்கூடமும் வாணாம், ஒன்னும் வாணாம். மந்திரிச்சி இட்டுக்கினு போயிடறேன். தீவாளி கழிஞ்சா மூங்கில்துறைப்பட்டு பக்கம் கரும்பு வெட்டப் போறோம். இதுவும் கூடவே வரட்டும்."

நீங்கள் கரும்புக் கொல்லையில் இறங்கிவிட்டால் இவளை யார் பார்ப்பது என்று கேட்டேன்.

"குடிசையில கால்ல கயிறு கட்டி வுட்டுட்டுத்தான் போவணும். வேற இன்னா பண்றது?" சொல்லும்போதே உடைந்து அழுதார்.

வடக்கனந்தலில் கல்யாண வீட்டில் இருந்த தனலட்சுமி, நான் போன் செய்ததும் பட்டுப்புடவையோடு வண்டியில் வந்து இறங்கினார். ஜன்னல் வழியே வெகுநேரம் பார்த்தார். பேயாவது பிசாசாவது என்று எங்களைத் திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவரோ தாழ்வாரத்துத் தரையில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"அவ மேல எதுவும் ஏறல அலமேலு. தப்பு என்னுது. ஆளில்லாத பள்ளிக்கூடத்தத்தான் நான் அவளுக்குப் பழக்கி வுட்டுருக்கேன். அவளுக்கு இதுதான் பள்ளிக்கூடம். ஜனம் நெறஞ்சு கெடக்குதே, அது வேற ஏதோ எடம்." பிறகு அலமேலுவின் கையைப் பிடித்தார். "தீவாளி வரைக்கும் டைம் குடு. அதுக்குள்ள அவ பள்ளிக்கூடத்துல குந்தலன்னா நீ கூட்டிக்கினு போ. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

அதற்கடுத்த ஞாயிறு முதல் அதே காலி வகுப்பு, அதே பெயர்கள். ஆனால் இந்த முறை உயிருள்ள ஒரு பிள்ளையாவது உட்கார வேண்டும் என்றார். பேய்ப் பள்ளிக்கூடத்துக்கு ஞாயிற்றுக்கிழமை யார் வருவார்கள்? கடைசியில் கோகிலா வந்தாள். வகுப்பிலேயே பெரிய சண்டைக்காரி. "பேய் வந்தா நான் பேசிக்கிறேன் டீச்சர்" என்றாள்.

அன்று நான் உள்ளேயே இருந்தேன். "கலைவாணி" என்றார். நிசப்தம். "கோகிலா" என்றார். "உள்ளேன் டீச்சர்!" மல்லிகா துள்ளியெழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். கோடை முழுக்க வாய் திறக்காத ஒரு பெயர் திடீரென்று பேசியிருக்கிறது. நாங்கள் ஜன்னலில் பயந்ததைவிட அவள் பல மடங்கு பயந்தாள். தனலட்சுமி அவளைத் தொடவில்லை, கூப்பிடவில்லை. அவளே திரும்பி வந்து உட்காரும்வரை சும்மா இருந்தார்.

பிறகு கலைவாணி வந்தாள். அப்புறம் இன்னும் இருவர். ஒரு ஞாயிறு இரண்டு அடி முன்னே போனால் மறு ஞாயிறு மூன்று அடி பின்னே வந்தோம். ஒருமுறை மல்லிகா தனலட்சுமியின் கையையே கடித்துவிட்டாள். ஐப்பசி மழைக்குள் அறை நிறைந்தது. தீபாவளிக்கு முந்தின திங்கட்கிழமை, கோகிலா கேட்டுக்கு வெளியே வந்து மல்லிகாவுக்கு முன்னால் நடந்தாள். மல்லிகா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அவள் பின்னாலேயே உள்ளே வந்தாள். அந்த ஆண்டு அலமேலு கரும்பு வெட்டப் போகவில்லை. கணவர் மட்டும் போனார்.

இப்போது எட்டாம் வகுப்பில் இருக்கும் மல்லிகாவை அலமேலு சாவுக்கு அழைத்து வந்திருந்தார். பறையும் வெடியும் அழுகையுமாகத் தெரு கிடுகிடுத்தது. உடலை எடுத்துக்கொண்டு எல்லோரும் தெருவில் இறங்கியதும் வீடு சட்டென்று காலியானது. கவிழ்ந்த நாற்காலிகளும் மிதிபட்ட பூவும்தான் கிடந்தன. ஊர்வலச் சத்தம் பிள்ளைக்கு ஆகாது என்று அலமேலு அவளை உள்ளேயே நிறுத்தப் பார்த்தார். "இங்கயே குந்து, கூட்டம் போவட்டும்."

மல்லிகா அந்தக் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். பறைச் சத்தம் தெருவோடு தள்ளிப் போக, எங்கள் மூச்சுச் சத்தம் கேட்கும் அளவுக்கு அங்கே அமைதி. அவள் கை வாய்க்குப் போனது. பிறகு அம்மாவின் பிடியை உதறிவிட்டு வெளியே ஓடினாள். தெருமுனை வரை போகும் பெண்களின் நடுவே புகுந்து, பறைச் சத்தத்துக்குள் அவர்களோடு நடந்து போனாள். அப்போதுதான் நான் அழுதேன்.

ஐந்தாம் வகுப்பு முடிக்கும், மல்லிகாவைப் போலவே ஒரு பையனை அடுத்த ஆண்டு எங்களிடம் அனுப்புகிறார்கள். அவனை இப்போதே, பள்ளி நடக்கும் நாளில், மதிய இடைவேளையில் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன். தப்பு தன்னுடையது என்று தெரிந்த நிமிடமே ஒரு தாயின் முன்னால் அதைச் சொல்லிவிட்டு, தப்பு நடந்த அதே இடத்திலிருந்து மறுபடி தொடங்கினாரே, தனலட்சுமியிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதைத்தான். அந்தப் பையன் வரும் அன்று கேட்டருகே நான் நிற்பேன். பிள்ளைகள் எவ்வளவு கத்தினாலும் சரி, சத்தம் போடாதே என்று சொல்லமாட்டேன்.