எண்ணூருக்கு ஒரே ஒரு டிக்கெட்

போன மாசி மாதம், ஒரு புதன்கிழமை, எண்ணூர்க் கழிமுகத்துக்குப் போய்வந்தேன். ஊர் சுற்ற அல்ல. என் வீட்டுக்காரர் ஒரு கால்வாய்ப் பைத்தியம். பக்கிங்காம் கால்வாய் எண்ணூரில் ஆற்றோடு சேரும் இடத்தில்தான் தன் அஸ்தியைக் கரைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்ததும் மகன் விமானம் ஏறிவிட்டான். நான் மட்டும் கிளம்பினேன்.

சென்ட்ரலில் காலை ஏழரைக்குக் கும்மிடிப்பூண்டி ரயில். பேசின் பிரிட்ஜ் வரும்போது எட்டிப் பாருங்கள். அந்தப் 'பேசின்' கைகழுவும் தொட்டி இல்லை. ஆந்திராவிலிருந்து உப்பும் விறகும் ஏற்றி வந்த படகுகள் கட்டிக் கிடந்த குளம். கடல் கொந்தளித்தாலும் கால்வாயில் சரக்கு நிம்மதியாக வந்து சேருமாம். ரயிலும் லாரியும் வந்தபின் படகு போயிற்று, சாக்கடை வந்தது. அவர் இதைச் சொல்ல ஆரம்பித்தால் "போதும், சோறு ஆறுது" என்பேன். அன்றைக்குச் சொல்ல ஆளில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நிலையத்திலிருந்து கழிமுகத்துக்கு ஆட்டோ. கரையில் வலை உதறிக்கொண்டிருந்தவரிடம் படகு கேட்டேன். அஸ்தி என்ற சொல் வாயில் வரவில்லை. "சாம்பல் விஷயமா வந்திருக்கேன்" என்றேன்.

"நீ எந்த ஆபீஸும்மா? எத்தினி பேரு வந்து தண்ணிய பாட்டில்ல புட்ச்சிகினு பூட்டாங்க! இன்னா ஆச்சு? சாம்பலு அப்டியேதான் கீது. ஆள வுடு."

அனல்மின் நிலையச் சாம்பல் ஆற்றில் படிந்திருப்பதைச் சொல்கிறார் என்று பிறகுதான் புரிந்தது. பையைத் திறந்து கலயத்தைக் காட்டினேன். வெட்கமில்லாமல் அழுதும்விட்டேன்.

"ஐயய்ய, மன்ச்சிக்கம்மா. வூட்டுக்காரரா?"

வலையைக் கரையிலேயே போட்டுவிட்டுப் படகைத் தள்ளினார். கால்வாய் சேரும் இடத்தில் முழங்கால் ஆழம்தான். அடியில் எல்லாம் சாம்பல் சேறு. "இங்க வுட்டா அய்யா இங்கியே நின்னுக்குவாரு. தண்ணி கடலுக்கு எறங்கிகினு கீது, மொகத்துவாரத்தாண்ட பூடலாமா?" என்றார்.

கடலுக்குப் போகட்டுமா, கேட்ட இடத்திலேயே கிடக்கட்டுமா? யாரைக் கேட்பது? "இங்கேயே" என்றேன். கரைத்தேன். எது அவர், எது ஆலைச் சாம்பல் என்று தெரியவில்லை.

போகிறவர்கள் வெயிலுக்கு முன் போய்விடுங்கள், கரையில் நிழல் கிடையாது. குடிக்க மட்டுமல்ல, கை கழுவவும் தண்ணீர் எடுத்துப்போங்கள். நான் ஆற்றிலேயே கழுவக் குனிந்தேன். படகுக்காரர் பதறித் தடுத்தார்.

"வேணாம்மா, இந்தத் தண்ணி பட்டா அரிக்கும்."

அதில்தான் அவரை விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.